தலைப்பிலேயே முடிந்துபோகும் ஆய்வுகள்

நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடத்தில் எழுதுகின்ற ஆய்வுக்கட்டுரைகளின் தலைப்புகளை ஒரு தரம் வரிசையாக வாசித்துப் பாருங்கள். இன்ன ஊர் முஸ்லிம்களின் தொன்மை. இன்ன பிரதேசத்தில் தமிழரின் ஆதிக் குடியேற்றம். இன்ன மாவட்டத்தின் வரலாற்றுப் பெருமை. தலைப்பை வாசித்து முடித்ததுமே முடிவுரை தெரிந்துவிடுகின்றது. அப்படியானால் இடையிலே எண்பது பக்கங்கள் எதற்காக? தட்டச்சுக்காரருக்கும் பைண்டிங் கடைக்காரருக்கும் பிழைப்புக் கொடுப்பதற்கா?

நான் தொல்லியல் படித்தவனல்லன். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, ஏறாவூரிலிருந்து பஸ் ஏறிக் கரடியனாற்றுக்குப் போய்ப் படிப்பிக்கின்ற ஒரு வாத்தி. இந்த விடயத்தில் வாய் திறக்க உனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பட்டம் எடுக்கப் போன பிள்ளைகள் தலைப்புத் தேடும்போது, பல்கலைக்கழகத்துக்குள் யாரையும் கேட்கத் துணிவில்லாமல் பழைய வாத்தியிடம்தான் திரும்பி வருகின்றார்கள். கடந்த வருடம் ஒரே மாதத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி கரடியனாற்றுப் பிள்ளை. அவளுடைய ஊர்ப் பெரியவர்கள் ‘குசலானமலையின் ஆதிச் சைவம்’ என்று தலைப்பையும் எழுதிக் கையில் கொடுத்திருந்தார்கள். மற்றவர் ஏறாவூர்த் தம்பி. அவருக்கு ‘ஏறாவூர் முஸ்லிம்களின் ஆயிரம் வருடத் தொன்மை’. இதைச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய மேற்பார்வையாளரேதான். “சேர், ஆயிரம் வருசத்துக்கு ஆதாரம் எங்க எடுக்கிற?” என்று கேட்டார் தம்பி. ஆயிரம் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று நான் திருப்பிக் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. கொடுத்தவரிடமும் இருந்திருக்காது.

இரண்டு தலைப்புகளும் ஒரே நோயின் இரண்டு குறிகள். ஆய்வு என்றால் காணி உறுதி எழுதுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கின்றோம். இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்கு விளங்காமலில்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமையை முகாமை செய்வதற்கென ஜனாதிபதி செயலணி ஒன்று வர்த்தமானியில் வந்தது. பாதுகாப்புச் செயலாளர் தலைவர். நியமிக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழர் இல்லை, ஒரு முஸ்லிம் இல்லை. தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழ்கின்ற மாகாணத்துக்கு இப்படி ஒரு செயலணி! அதற்கு முன்பே நாம் நுரைச்சோலையைக் கண்டிருந்தோம். சுனாமியில் வீடிழந்தவர்களுக்கென்று சவூதி நிதியில் கட்டிய 500 வீடுகள், தீகவாபியின் பெயரால் உயர்நீதிமன்றம் போய், 2009 தீர்ப்போடு பூட்டியபடியே கிடந்தன. பொத்துவிலில் முகுது மகா விகாரையின் எல்லை எது என்ற பிரச்சினையில் குடியிருப்பாளர்கள் எத்தனை வருடம் நித்திரையில்லாமல் இருந்தார்கள் என்பதை அங்குள்ள நண்பர்கள் இந்தப் பக்கங்களில் எழுதத்தான் வேண்டும். கல்லொன்று கண்டெடுக்கப்பட்டால் காணி போய்விடும் என்ற பயம் நம் சனங்களுக்கு உண்டு. அது கற்பனைப் பயமல்ல.

ஆனால் பயத்திலிருந்து ஆய்வு பிறக்காது. பயத்திலிருந்து பிறப்பது மறு உறுதிதான். அவன் ஈராயிரம் என்றால் நாம் மூவாயிரம். அவன் விகாரை என்றால் நாம் கோவில், பள்ளி. மறு உறுதி ஒரு வழக்கிலும் நிற்காது. ஏனென்றால் எதிர்த் தரப்பில் இருப்பவருக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியும், நமக்குத் தெரியாது.

குசலானமலையையே எடுப்போம். செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதியால் வந்தால் கரடியனாற்றுப் பக்கம் இருக்கின்ற மலை. முருகன் கோவில் இருக்கின்றது. ஊர்ச் சனங்கள் நேர்த்தி வைத்துப் போகின்றார்கள். பாறையில் பிராமி எழுத்தும் இருக்கின்றது. பரணவிதான 1970இல் வெளியிட்ட ஆரம்பகாலக் கல்வெட்டுத் தொகுதியில் இந்த மலையும் உண்டு. அந்தத் தொகுதியில் உள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை பிராகிருதத்தில் எழுதப்பட்ட குகைத் தானங்கள்; இன்னாருடைய குகை, சங்கத்துக்கு உரியது என்ற அளவில் முடிபவை. பௌத்தத் துறவிகளுக்குக் கொடுத்த குகை என்றுதான் அந்த வரி சொல்லும். அதை வாசித்ததும் நம்மவர்களில் ஒரு பகுதி கல்வெட்டையே மறைக்கப் பார்க்கின்றது. இன்னொரு பகுதி எழுத்தைத் தமிழாக்கிவிடப் பார்க்கின்றது. பேராசிரியர் சி. பத்மநாதன் மட்டக்களப்புக் கல்வெட்டுகள் சிலவற்றை நாகர், தமிழ் என்ற தொடர்பில் வாசித்திருக்கின்றார். அந்த வாசிப்பை ஏற்பதென்றாலும் மறுப்பதென்றாலும் எழுத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். மேடையில் நின்று செய்ய முடியாது.

பௌத்தம் என்றால் சிங்களம் என்ற சமன்பாட்டை நாம் ஏன் ஒத்துக்கொள்கின்றோம் என்பதுதான் என் கேள்வி. அநுராதபுரத்தில் ‘தமேட’ என்று தம்மைச் சொல்லிக்கொண்ட இல்லறத்தார் கூடியிருந்த மேடையின் கல்வெட்டைப் பதிப்பித்தவரும் அதே பரணவிதானதான். அம்பாறை மாவட்டத்துக் குடுவில் கல்வெட்டிலும் தீகவாபி வணிகரோடு அந்தச் சொல் வருகின்றது. இவை எவருடைய மேடைப் பேச்சுக்கும் முழுசாகப் பொருந்தி வராத சான்றுகள். பொருந்தி வராதவைதான் ஆய்வுக்கு உகந்தவை. அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: மகள், ‘ஆதிச் சைவம்’ என்று எழுதினால் உன்னுடைய ஊர் கைதட்டும். ‘கரடியனாற்றைச் சுற்றியுள்ள மலைக் குகைகளும் குளங்களும் எவ்வளவு கிட்ட இருக்கின்றன?’ என்று எழுதினால் யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் குகை கொடுத்தவன் எந்த வயலில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டான் என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். உறுகாமக் குளமும் உன்னிச்சைக் குளமும் பிரித்தானியர் காலத்தில் திருத்திக் கட்டப்பட்டவை. அதற்கு முந்திய அணை எந்த வழியால் போனது, பழைய மதகுக் கல் எங்கே கிடக்கின்றது என்று மட்டும் ஒரு மாணவி நடந்து அளந்து எழுதினாலே ஒரு பட்டம் கொடுக்கலாம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மற்றவர்களின் பிழையைச் சொல்வது இலேசு.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன் ரோயல் ஏசியாட்டிக் சொசைட்டியில் சோனகரின் இனவியல் பற்றிக் கட்டுரை படித்தார். சோனகர் மதம் மாறிய தமிழரே என்றார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார். சட்டநிரூபண சபையில் ஒரு ஆசனம் யாருக்கு என்பதுதான் அந்த விவாதத்தின் அடியில் கிடந்த சரக்கு. 1889இல் சோனகருக்கு அந்த ஆசனம் கிடைத்தும்விட்டது. ஆசனம் கிடைத்த பிறகும் நாம் அந்தக் கட்டுரையிலிருந்து வெளியே வரவில்லை. இன்றும் நம் தொல்லியல் தலைப்புகளில் பாதி இராமநாதனுக்கு எழுதுகின்ற பதில்தான். மனிதர் இறந்து ஒரு நூற்றாண்டு ஆகப் போகின்றது!

கென்யாவின் லாமு தீவுக் கூட்டத்தில் ஷங்கா என்று ஒரு பாழடைந்த ஊர் இருக்கின்றது. கிழக்காபிரிக்கக் கரையின் சுவாஹிலி முஸ்லிம் ஊர்களை அரபிகள் வந்து கட்டினார்கள் என்பதுதான் நெடுங்காலம் சொல்லப்பட்ட கதை. அந்த ஊர்க் குடும்பங்கள் சிலவும் அதைத்தான் பெருமையாகச் சொல்லி வந்தன. மார்க் ஹோர்ட்டன் 1980களில் அங்கே ஜும்ஆப் பள்ளியின் அடியில் தோண்டினார். கல் பள்ளிக்குக் கீழே அதற்கு முந்திய பள்ளி, அதற்குக் கீழே மரக்கம்பு நட்டுக் கட்டிய சின்னஞ்சிறு பள்ளிகள் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. ஆக அடியில் இருந்தது கி.பி. 8ஆம் நூற்றாண்டளவுக்குரியது. சுற்றியிருந்த பானைகளோ உள்ளூர்ப் பானைகள். அதாவது உள்ளூர் மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இஸ்லாத்துக்குள் வந்திருக்கின்றார்கள். ஊரும் பள்ளியும் சேர்ந்து வளர்ந்திருக்கின்றன. அரபு வம்சப் பெருமை பேசியவர்களுக்கு இது கசந்திருக்கும். ஆனால் அந்தக் கரையில் இஸ்லாம் எவ்வளவு பழையது என்பதற்கு அதைவிட உறுதியான சான்றும் கிடையாது. பெருமையைத் தேடிப் போயிருந்தால் அந்த மரக்கம்புக் குழிகள் கண்ணில் பட்டிருக்குமா?

நம்மிடம் தோண்டாமலே கிடந்த சான்றுகள் என்ன ஆயின என்பதையும் கேட்க வேண்டும். கொழும்பில் காலித் இப்னு அபூபகாயா என்பவரின் மீசான் கல், ஹிஜ்ரி 337 என்று வாசிக்கப்பட்டது, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய நீதிபதி அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால் உலகத்துக்குத் தெரிய வந்தது. காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் 1409ஆம் ஆண்டைச் சொல்கின்றன. அதன் தமிழ்ப் பகுதியைப் பதிப்பித்தவரும் பரணவிதான. மாந்தையில் 1980களில் மேற்காசிய நீலப்பச்சை மெருகுப் பானைகளைத் தோண்டி எடுத்தவர் ஜோன் கார்ஸ்வெல். நளீமியா கலாபீடத்தில் கலாநிதி ஷுக்ரி 1986இல் இலங்கை முஸ்லிம்களின் தொன்மை பற்றி ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் நாம் எத்தனை பேரை அனுப்பினோம்? ஜெய்லானி, குரகலப் பிரச்சினை வெடித்தபோது கையில் தூக்கிக் காட்ட நமக்கிருந்தது பலாங்கொடை முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் அபூசாலி 2002இல் எழுதிய நூல். அவருக்கு நன்றி சொல்வோம். ஆனால் ஒரு சமூகத்தின் தொல்லியல் முழுவதையும் ஒரு அரசியல்வாதியின் முதுமைக் கால உழைப்பில் சாத்தி வைத்திருந்தோம் என்பது வெட்கக்கேடு. 2022இல் அரச வெசாக் விழா குரகலையில் நடந்தபோது நாம் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தோம்.

இதைவிடப் பெரிய வெட்கம், நம் தொல்பொருளை நம் கையாலேயே உடைத்ததுதான். கிழக்கில் எத்தனை பழைய பள்ளிகளின் தேக்குத் தூண்களும் சுண்ணாம்புச் சுவரும் ஓட்டுக் கூரையும் வெளிநாட்டுக் காசு வந்த மாதத்தில் தரைமட்டமாகின! எத்தனை மையவாடிகளில் எழுத்துள்ள மீசான் கற்கள் பிடுங்கி மதில் அத்திவாரத்துக்குள் போடப்பட்டன! கப்று வழிபாடு கூடுமா கூடாதா என்ற வாதத்துக்குள் நான் வரவில்லை. அது ஆலிம்களின் வேலை. எழுத்தை வாசித்துப் படம் பிடித்து அளந்து வைத்துவிட்டு வாதாடக் கூடாதா என்றுதான் கேட்கின்றேன். எலிசபெத் லம்போர்ன் என்ற ஆய்வாளர், குஜராத்தின் கம்பாயத்தில் செதுக்கிய சலவைக்கல் மீசான்கள் கப்பலேறி இந்து சமுத்திரக் கரைகளுக்கெல்லாம் போனதைக் கல்லின் வேலைப்பாட்டை வைத்தே காட்டியிருக்கின்றார். மெஹ்ர்தாத் ஷொகூஹி தென்னிந்தியக் கரையூர்களின் பள்ளிகளை அளந்து 2003இல் பெரிய நூலாகத் தந்தார். ஈரானியர் ஒருவர் வந்து காயல்பட்டினத்துப் பள்ளிகளை அளக்கின்றார். ஏறாவூர்ப் பிள்ளைக்கு ஏறாவூர் மையவாடி தலைப்பாகத் தெரியவில்லை.

எனவே அந்தத் தம்பிக்கு நான் ஆயிரம் வருடத்தைக் கீழே வைக்கச் சொன்னேன். அவருடைய வாப்பா பிறந்தது பதுளை வீதிப் பக்கத்து வயல் குடியிருப்பொன்றில். 1990இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏறாவூருக்கு ஓடி வந்த குடும்பம். அந்த வருடம் ஆகஸ்ட் 12இல் ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட நம் சனங்கள் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனங்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு பக்கமும் ஊர்கள் வெறுமையாகின. படுவான்கரையின் அந்தப் பகுதிகள் 2007 வரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தன. பின்னர் திரும்பிப் போனவர் சிலர், போகாதவர் பலர். வீட்டின் அத்திவாரம், கிணற்றுக் கட்டு, பள்ளியின் ஹவுழ், முற்றத்தில் நட்ட மாமரம், மையவாடியின் எல்லைக் கல் எல்லாம் பற்றைக்குள் கிடக்கின்றன. இதுவும் தொல்லியல்தான் தம்பி என்றேன். அவர் நம்பவில்லை. அமெரிக்காவில் அரிசோனாவில் வில்லியம் ரத்ஜே 1973இல் தொடங்கிய ஆய்வைச் சொன்னேன். அவர் தோண்டியது பிரமிட்டை அல்ல, குப்பை வாளியை. குடிப்பது கொஞ்சம் என்று வாயால் சொன்ன வீட்டுக் குப்பையில் பியர்ப் போத்தல்கள் அதிகமாக இருந்தன. வாய் ஒன்று சொல்லும், மண் ஒன்று சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தப் படிப்பு.

கைவிடப்பட்ட குடியிருப்பு ஒரு கேள்வியைக் கேட்கின்றது: எத்தனை வீடு, எத்தனை கிணறு, எந்த வீட்டுக்குப் பக்கத்தில் யாருடைய வீடு? நம்மவர் வீடும் தமிழர் வீடும் தனித்தனி வளவுகளாகப் பிரிந்து கிடந்தனவா, ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினவா? பழைய வட்டவிதானைகளும் பட்டிக்காரர்களும் ஒன்று சொல்வார்கள். அத்திவாரம் வேறொன்று சொல்லலாம். நாம் ‘பிட்டும் தேங்காய்ப்பூவும்’ என்று மேடையில் சொல்கின்றோமே, அது நிலத்தில் நிற்குமா என்று இதைவிட நேராகப் பார்க்க வழியில்லை. நிற்காவிட்டால் அதையும் எழுத வேண்டும். எண்ணிக்கை நாம் சொல்வதைவிடக் குறைவாக வந்தால் அதையும் எழுத வேண்டும். இந்த இடத்தில்தான் பெரியவர்கள் முகம் சுழித்தார்கள். நம்பிக்கைப் பொறுப்பாளர் ஒருவர், “காணி வழக்குக் கிடக்கிற நேரத்தில இதெல்லாம் என்னத்துக்கு மாஸ்டர்?” என்று கேட்டார். காணி வழக்குக் கிடக்கின்ற நேரத்தில்தான் தேவை, காக்கா. 1990ஐ நேரில் கண்டவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கின்றது. பத்து வருடம் கழித்து அந்தப் பற்றையை எவர் வேண்டுமானாலும் எதுவாகவும் சொல்லலாம்.

திட்டமிடுவது பற்றியும் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. நம் பிள்ளைகள் தலைப்புக்கு ஆறு மாதம் யோசித்துவிட்டு வெளிக்கள வேலையை மழைக்குள் கொண்டுபோய் வைக்கின்றார்கள். கார்த்திகை, மார்கழியில் இந்தப் பக்கம் வட்டைக்குள் இறங்க முடியுமா? பெரும்போக அறுவடை முடிந்து நிலம் வெளித்திருக்கின்ற மாசி, பங்குனி வயலுக்கு. ஆடி, ஆவணியில் குளம் வற்றும்போது குளத்தின் அடிக்கு. பின்னேரம் நாலு மணிக்கு மேல் ஒருவரும் நிற்கக் கூடாது, ஆனை இறங்கும். மண்வெட்டியைத் தொடவே கூடாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப் பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம்; சொந்தக் காணியானாலும் அப்படித்தான். மாணவர் கையில் கூர் ஆயுதத்தோடு பிடிபட்டால் அது ஒரு பிள்ளையின் பிரச்சினையாக நிற்காது, ஒரு ஊரின் பிரச்சினையாகும். மேற்பரப்பைப் பார்ப்பது, படம் பிடிப்பது, ஜீ.பி.எஸ். அளவு எடுப்பது, ஓட்டுத் துண்டைக் கிடந்த இடத்திலேயே வைத்து வரைந்துவிட்டு வருவது போதும். அதற்கும் பிரதேச செயலகத்துக்கும் திணைக்களத்தின் உள்ளூர் அலுவலகத்துக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பரப்பையும் சுருக்க வேண்டும். ‘மட்டக்களப்பு மாவட்டம்’ என்று எழுதுகின்ற மாணவர் எங்குமே நடந்திருக்க மாட்டார். பொ. இரகுபதி யாழ்ப்பாணத்தின் ஆதிக் குடியிருப்புகள் பற்றி எழுதி 1987இல் வெளிவந்த ஆய்வு இன்றும் நிற்பதற்குக் காரணம் இடம் இடமாக நடந்து பதிந்ததுதான். ப. புஷ்பரட்ணம் பூநகரி என்ற ஒரு பகுதியை எடுத்துப் போர்க்காலத்தில் செய்த வேலை 1993இல் நூலாயிற்று. அவர்களுக்கு இருந்த வசதி நம் பிள்ளைகளுக்கு இருப்பதைவிடக் குறைவு.

பெண் பிள்ளை மையவாடியைத் தலைப்பாக எடுத்தால் உள்ளே விடுவோமா என்பதையும் நம் பள்ளி நிர்வாகங்கள் இப்போதே யோசித்து வைப்பது நல்லது. கலைப்பீடங்களில் நம் பெண் பிள்ளைகள்தான் அதிகம். ஆண்கள் எடுக்காத தலைப்பைப் பெண்களுக்கும் மறுத்தால் கல்லை வாசிக்க மலக்குகளா இறங்கி வருவார்கள்?

2010 செப்டம்பர் 17இல் கரடியனாறு பொலிஸ் நிலையத்தில் வெடித்து இருபதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது, வீதி வேலைக்குப் பாறை உடைக்க வைத்திருந்த வெடிமருந்து. அந்தச் சோகத்தைப் பற்றி எழுதினோம். இந்தப் பக்கத்தில் உடைபட்ட பாறைகளின் நெற்றியில் என்ன இருந்தது என்று முன்கூட்டிப் பார்த்து வைக்க ஒரு மாணவரையாவது அனுப்பினோமா?

இன்னும் ஒன்று. பிராமியும் பிராகிருதமும் பாளியும் நமக்கு வேண்டாதவை என்று தள்ளிக்கொண்டு செயலணியில் நமக்கு இடம் தா என்று கேட்பதில் என்ன நியாயம்? கொழும்பில் பட்டப்பின் தொல்லியல் நிறுவகம் 1986 முதல் இருக்கின்றது. பேராதனையிலும் களனியிலும் யாழ்ப்பாணத்திலும் இந்தப் பாடம் இருக்கின்றது. நம் ஊர்களில் கலைப்பிரிவில் கெட்டித்தனமாகச் சித்தியடைந்த பிள்ளையை வீட்டார் எதற்கு அனுப்புகின்றார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சிங்களத்தில் எழுதிய தொல்லியல் கட்டுரையொன்றை வாசித்து, அதே சிங்களத்தில் மறுப்பு எழுதக்கூடிய நாலு பேர் கிழக்கில் நம்மிடம் உருவாகும் வரைக்கும் நம் கண்டன அறிக்கைகளை நாம்தான் வாசித்துக்கொண்டிருப்போம்.

தம்பியின் தலைப்பு மூன்று தடவை திருப்பி அனுப்பப்பட்டது. ‘தொன்மை’ என்ற சொல் இல்லாததால் தொல்லியல் ஆகாது என்று ஒரு தடவை சொல்லப்பட்டதாம். நாலாவது தடவை ஒத்துக்கொண்டிருக்கின்றார்கள். கரடியனாற்றுப் பிள்ளை குளக்கட்டை எடுத்திருக்கின்றாள். மாசி மாதம் இரண்டு பேரும் ஒரே அளவு நாடாவோடு போகின்றார்கள். வாங்க இரண்டு பேரிடமும் காசில்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு மைதானம் அளக்கின்ற ஐம்பது மீற்றர் நாடாவை அதிபரிடம் கையெழுத்து வைத்து எடுத்துக் கொடுத்திருக்கின்றேன்.